ஷஃபி மூடி

காலை ஒன்பது நாற்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சக்கரம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி இல்லை. ஆள் இல்லை. சக்கரம் மட்டும். டீக்கடை பெஞ்சைத் தொட்டும் தொடாமலும் கடந்து, எதிரே வந்த புதுச்சேரி பஸ்ஸை அலற வைத்து, ஷஃபியின் லேத் பட்டறை வாசலில் இரண்டு சுற்று சுற்றிச் சாய்ந்தது.

ஷஃபி லேத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தான்.

சக்கரத்தின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்பு மூடி. அதிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவன் கையால் கடைந்த மூடி. குனிந்து ஓரத்தைப் பார்த்தான். ஆணியால் கீறிய எண் தெரிந்தது.

ஒன்று.

அவன் செய்த முதல் மூடி. அப்படியானால் வண்டி சவரிமுத்து அண்ணனுடையது.

செருப்புகூடப் போடாமல் ஓடினான்.

உப்பளப் பாதை மெயின் ரோட்டில் ஏறும் வளைவில் ட்ரெய்லர் குப்புறக் கிடந்தது. மூட்டைகள் வெடித்து ரோடெல்லாம் உப்பு. டிராக்டர் பக்கத்து வாய்க்காலில் தலைகீழாக, அடியில் சவரிமுத்து. முன் சக்கரம் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் சேர்ந்து தூக்கினார்கள். பதினோராவதாக ஷஃபியும் தோள் கொடுத்தான்.

சவரிமுத்து ஆஸ்பத்திரி வரைக்கும் போகவில்லை. அனுமந்தை தாண்டுவதற்குள் ஆம்புலன்ஸ் தன் சத்தத்தை நிறுத்திக்கொண்டது.

---

அந்த மூடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

உப்பளத்தில் ஓடுகிற ட்ரெய்லருக்கு எமன், சக்கரத்துக்கு நடுவே இருக்கும் பேரிங்தான். ஓடி ஓடிச் சூடாகிற பேரிங், உப்புத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும். குளிரும்போது உள்ளே ஒரு உறிஞ்சல் உண்டாகும். உப்புத் தண்ணீர் உள்ளே போகும். கிரீஸ் கரையும், இரும்பு துருவாகும். ஒரு நாள் சக்கரம் இறுகிக்கொண்டு அச்சு முறியும். மரக்காணத்தில் வருடத்துக்கு நாலைந்து வண்டி இப்படிப் படுக்கும்.

சவுதியில், தம்மாமில் ஆறு வருடம் படகு ட்ரெய்லர் பட்டறையில் வேலை பார்த்தவன் ஷஃபி. கடலுக்குள்ளேயே இறங்கி ஏறும் வண்டிகள் அவை. அவற்றின் சக்கரங்களில் ஒரு மூடி இருந்தது. மூடிக்குள் ஒரு வட்டத் தகடு, அதன் முதுகில் ஒரு ஸ்பிரிங். நடுவிலுள்ள துளை வழியாக கிரீஸை அடித்தால் தகடு வெளிப்பக்கம் தள்ளப்படும். பிறகு ஸ்பிரிங் அந்தத் தகட்டை அமுக்கி அமுக்கி, இரவும் பகலும் பேரிங்குக்கு கிரீஸ் ஊட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே எப்போதும் கிரீஸ் நெருக்கிக்கொண்டிருப்பதால் தண்ணீர் நுழைய இடம் கிடைக்காது.

ஊருக்கு வந்ததும் ஷஃபி அதைத் தானே கடைந்தான். தகட்டின் விளிம்பில் நீலப் பெயின்ட் அடித்தான். நீல வளையம் வெளியே தெரிந்தால் கிரீஸ் இருக்கிறது. உள்ளே போய்விட்டால் கிரீஸ் கன்னால் இரண்டு அமுக்கு. அவ்வளவுதான், குழந்தைக்கும் புரியும்.

யாரும் வாங்கவில்லை. “துபாய் மூடியா? நம்ம உப்பு அதைத் தின்னு ஏப்பம் வுட்டுடும்” என்றார் உப்பளக் குத்தகைக்காரர் தட்சணாமூர்த்தி.

அவருடைய டிரைவர் சவரிமுத்துதான் குறுக்கே வந்தார். “டேய் ஷஃபி, என் வண்டிக்குப் போடுறா. முதலாளிய நான் பாத்துக்கறேன். சக்கரம் கழண்டா என் தலைதானே போவும், அவரு தலையா?”

சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை.

இரண்டு வருடத்தில் பதினெட்டு ட்ரெய்லரில் மூடி ஏறியது. அதற்கு ஊரே பெயர் வைத்தது: ஷஃபி மூடி. “உன் வண்டிக்கு ஷஃபி மூடி போட்டியா?” என்று டீக்கடையில் யாராவது கேட்கும்போது ஷஃபி காதில் விழாத மாதிரி கிளாஸைப் பார்ப்பான். டீயை விட அது இனித்தது.

---

திங்கட்கிழமை பதினோரு மணி. போலீஸ் ஸ்டேஷன் பின்பக்கம், வேப்பமர நிழலில் அந்தச் சக்கரம் கிடந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் விஜயகுமார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “செஞ்சவனே கழட்டட்டும். எல்லாரும் பாக்கட்டும்.”

எல்லாரும் என்றால் தட்சணாமூர்த்தி, ஒரு ஏட்டு, அப்புறம் மேரிசெல்வி.

சவரிமுத்துவின் மனைவி மேரிசெல்வி. அதே உப்பளத்தில் உப்பு சுமப்பவள். அடக்கம் முடிந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. சுவரோரம் நின்றிருந்தாள். அழவில்லை. ஷஃபியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘தம்பி, தம்பி’ என்று வாய் ஓயாமல் கூப்பிடுகிறவள். நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளி கொடுத்தனுப்புகிறவள்.

“மூடி தப்புன்னு ஆச்சுன்னா கேஸ் உன் மேலதான்பா” என்றார் இன்ஸ்பெக்டர். “கவனக்குறைவால் மரணம். தெரியுமில்ல?”

“தெரியும் சார். கழட்டுறேன். மூடி மேல தப்பு இருக்காது.”

சத்தமாகத்தான் சொன்னான். நம்பித்தான் சொன்னான்.

மூடியைத் தட்டி எடுத்தான். நீல வளையம் உள்ளே போயிருந்தது. ஸ்பிரிங் முறியவில்லை. அமுக்கிப் பார்த்தான். விறைப்பாக எதிர்த்தது. நல்ல ஸ்பிரிங். மனசுக்குள் ஒரு சின்ன வெளிச்சம்.

சக்கரத்தைப் புரட்டினான். பின்பக்கம் முழுக்க உப்புச் சேறு காய்ந்து ஓடாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்தான். சேற்றுக்கு அடியில் கிரீஸ். விரல் தடிமனுக்குக் கட்டி கட்டியாக. இங்கே கிரீஸுக்கு என்ன வேலை?

உள்ளே பார்த்தான். பின்பக்கத்தை அடைத்திருக்க வேண்டிய ரப்பர் வளையம், ஆயில் சீல், இடத்தில் இல்லை. பிதுங்கி வெளியே வந்து மடங்கிக் கிடந்தது. அந்த வழியாகத்தான் உப்புத் தண்ணீர் போயிருக்கிறது. பேரிங் உருளைகள் செங்கல் நிறத்தில் இருந்தன.

சீலைக் கையில் எடுத்தான். விளங்கிவிட்டது. உள்ளேயிருந்து தள்ளப்பட்டிருக்கிறது. யாரோ அளவுக்கு மேல் கிரீஸ் அடித்திருக்கிறார்கள். கொஞ்சமில்லை. நிறைய. நாள் கணக்காக. மூடி நிரம்பி, அதற்கு மேல் போக இடமில்லாமல், கிரீஸே பின்பக்கத்து அடைப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது.

மூடி மேல் தப்பில்லை. நிரூபணம் அவன் உள்ளங்கையில் இருந்தது.

“சார்...” என்று நிமிர்ந்தான்.

அதே நொடியில் மேரிசெல்வி வாயைத் திறந்தாள்.

“நான் என்ன கொறை வெச்சேன்னு கேளுங்க சார் அவனை!”

எல்லாரும் திரும்பினார்கள்.

“கிரீஸ் கன்னை எங்கையில குடுத்ததே இவன்தான் சார். ‘அண்ணன் மறந்துடும், நீங்க பாத்துக்கங்க அக்கா’ன்னு குடுத்தான். பாத்துக்கினேன். ரெண்டு வருஷமா பாத்துக்கினேன். இந்தத் தவக்காலத்துல நேர்ந்துகினேன் சார். விபூதி புதன் அன்னிக்கு ஆரம்பிச்சேன். விடிஞ்சதும் அவரு பல்லு வெளக்கப் போவாரு, நான் வண்டிகிட்ட போவேன். ஜெபமாலைல அஞ்சு பத்து. பத்து முத்துக்கு ஒரு சக்கரம். ஒரு முத்துக்கு ஒரு அமுக்கு. நாலு சக்கரம், நாலு பத்து. அஞ்சாவது பத்தை டிராக்டரு முன்னாடி நின்னு சொல்லி முடிப்பேன். ஒரு நாளு தவறல. மழை பெஞ்ச அன்னிக்குக்கூட சாக்கைப் போட்டுகினு போனேன். இருபத்தஞ்சு நாளு!”

மூச்சு வாங்கினாள்.

“மொதல்ல வளையம் வெளியவே நின்னுச்சு. அப்பறம் தினமும் உள்ள போயிடும். அடிச்சு அடிச்சு வெளிய கொணாந்தேன். மறுநாளு உள்ள போயிடும். இது மூடியா? எமன் சார்! இவன் செஞ்ச மூடி எம் புருஷனைத் தின்னுடுச்சு சார்!”

ஷஃபியின் கை மூடிக்கொண்டது. சீல் உள்ளங்கைக்குள் நசுங்கியது.

வாரத்துக்கு இரண்டு அமுக்கு போதும். அவள் நாளைக்குப் பத்து.

“என்னய்யா கையில?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சீல் சார்.”

“ஏன் பின்னாடி பிதுங்கிக்கிட்டு இருந்துச்சு?”

இருபத்தாறாவது நோன்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தாகத்தால் அல்ல.

“சூட்டுல சார். பேரிங் எரிஞ்ச சூட்டுல வந்துடுச்சு. ஸ்பிரிங் வீக். நான்தான் மட்டமான ஸ்பிரிங் போட்டுட்டேன். கிரீஸ் உள்ள போகாம நின்னுடுச்சு. என் தப்புதான்.”

விஜயகுமார் முப்பது வருடம் வண்டி பார்த்தவர். ஸ்பிரிங்கைத் தானே எடுத்து அமுக்கினார். பின்பக்கத்து கிரீஸைப் பார்த்தார். சுவரோரம் நின்றவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஷஃபியை. குரலைத் தணித்தார்.

“யோசிச்சுச் சொல்லு தம்பி. எழுதிட்டா எழுதினதுதான்.”

“எழுதிக்கங்க சார்.”

மேரிசெல்வி வந்தாள். அவன் முகத்துக்கு நேரே நின்றாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை.

“எங்கையால அவருக்கு எமனை ஊட்ட வெச்சியேடா” என்றாள்.

---

“நோன்பு வெச்சுக்கிட்டு பொய் சொல்லிட்டு வந்திருக்கீங்க” என்றாள் அவன் மனைவி ஆஸிஃபா. அன்று நோன்பு திறக்கும் நேரம், ஸ்டேஷன் ஜாமீனில் வீடு திரும்பியிருந்தான். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

“வேற என்ன பண்ணச் சொல்ற? ‘அக்கா, நீங்க ஜெபம் பண்ணித்தான் அண்ணன் செத்தாரு’ன்னு சொல்லவா?”

“அதுக்கு ஜெயிலுக்குப் போவீங்களா? ரெண்டு வருஷமா கடைஞ்சு கடைஞ்சு வாங்கின பேரு. நாளைக்கு நம்மள மனுஷனா மதிப்பாங்களா?”

அவன் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

“நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது. என் மேல ஆணை.”

“ஆணையெல்லாம் வேணாம். சொல்ல மாட்டேன்.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த அக்கா முகத்தைப் பாத்தா எனக்கும் சொல்ல வராது.”

பெருநாள் அன்று வாசலுக்கு யாரும் வரவில்லை. அதற்கு மறுநாள் பட்டறைக்கு வந்தவர் தட்சணாமூர்த்தி. பைக்கின் பின்னால் இரண்டு சாக்கு.

“எண்ணிக்கோ. பதினேழு வண்டி மூடி. எல்லாரும் கழட்டிக் குடுத்துட்டாங்க.” சாக்கைத் திண்ணையில் கொட்டினார். இரும்பு உருண்டு நாலா பக்கமும் ஓடியது. “ஏம்பா, நான்தான் அன்னிக்கே சொன்னேனே, துபாய் மூடி வேணாம்னு. கேட்டானா அவன்? உன்னை நம்பினான். நல்ல ஆளைப் பாத்து நம்பினான்!”

“இனிமே பழைய மாதிரிதான் ஓட்டுவீங்களா? உப்புத் தண்ணி உள்ள போவுமேண்ணே. மாசத்துக்கு ஒருக்கா பேரிங்கைக் கழட்டிக் கழுவி...”

“நீ எங்களுக்குப் பாடம் நடத்தாதே.”

பைக் போய்விட்டது.

ஷஃபி ஒவ்வொரு மூடியாகப் பொறுக்கினான். ஒன்றின் பின்வாயை அடைத்து வைஸில் இறுக்கினான். கிரீஸ் அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழாவது அமுக்கில் நீல வளையம் கடைசி வரைக்கும் வந்து முட்டிக்கொண்டது. எட்டாவது அமுக்குக்குக் கை கனத்தது. பத்து வரைக்கும் அடித்தான். உள்ளே இருக்கும் கிரீஸுக்கு ஓட வழியில்லை.

ஏன் வழியில்லை?

அவன் வைக்கவில்லை. அதனால்தான்.

தம்மாம் மூடியில் இருந்ததா? இருந்தது. இப்போது ஞாபகம் வந்தது. பக்கவாட்டில் ஊசிக்கண் மாதிரி ஓர் ஓட்டை. தகடு கடைசி வரைக்கும் வந்துவிட்டால் மிச்ச கிரீஸ் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்து தலை காட்டும். போதும், நிறுத்து என்று சொல்லும். அதை ஏதோ கம்பெனி அடையாளம் என்று நினைத்து விட்டுவிட்டான். வாரத்துக்கு இரண்டு அமுக்கு என்று வாயால் சொன்னால் போதும் என்று நினைத்தான். பிரியம் வைத்தவள் கை இரண்டோடு நிற்காது என்று அவனுக்கு யார் சொல்வார்கள்?

டிரில்லை எடுத்தான். மூன்று மில்லிமீட்டர். அரை நிமிட வேலை.

ஸ்டேஷனில் சொன்னது முழுப் பொய் இல்லை என்று ஆகிவிட்டது. அதில் அவனுக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

தினமும் உட்கார்ந்து, திரும்பி வந்த மூடிகள் எல்லாவற்றிலும் ஓட்டை போட்டான். வாங்க ஆளில்லை. போட்டான்.

---

குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள். பிற்பகல் மூன்று மணி வெயில்.

பட்டறை வாசலில் நிழல் விழுந்தது. மேரிசெல்வி. கால் முழங்கால் வரைக்கும் உப்பளச் சேறு. கையில் கிரீஸ் கன்.

ஷஃபி எழுந்தான். “வாங்கக்கா.”

அவள் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே கிரீஸ் கன்னை வைத்தாள்.

“இன்னிக்குதான் வேலைக்குப் போனேன் தம்பி.”

தம்பி. பதினைந்து நாளைக்கு அப்புறம் அந்தச் சொல்.

“மோட்டாரைப் போட்டுட்டு எவனோ பேச்சுல மறந்துட்டான். பாத்தி நெரம்பிடுச்சு. எல்லாரும் மொத மடையையே பாத்துகினு நிக்கறோம். வரப்பு ஒடைஞ்சுது. எங்க ஒடைஞ்சுதுன்னு நெனைக்கற? நாங்க நின்ன பக்கம் இல்ல. பின்னாடி. யாரும் பாக்காத பக்கம்.”

ஷஃபி மேஜை மேல் கிடந்த ஸ்பேனரை எடுத்தான்.

“அங்கியே கூடையை எறக்கி வெச்சுட்டேன். நம்ம ட்ரெய்லரு குடோனுக்குப் பின்னாலதானே நிக்குது, மூணு சக்கரத்தோட. போனேன். சக்கரத்துக்குப் பின்னாடி கையை வுட்டுப் பாத்தேன்.”

வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கறுப்பு கிரீஸ், உப்புப் பொடியோடு.

“மூணுலயும் இருக்குது.”

“அது... பழைய வண்டிக்கா. அப்படித்தான் கசியும். ஸ்பிரிங்குதான்...”

“பொய் சொல்லாத தம்பி. உனக்கு வரல.”

அவள் பார்வை மேஜைக்குப் போனது. மூடிகள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்தாள். விரலால் தடவினாள். பக்கவாட்டில் விரல் நின்றது. இன்னொன்றை எடுத்தாள். அதிலும். இன்னொன்றிலும். ஓட்டைகள் புதிதாக இருந்ததால் விளிம்பு பளபளத்தது.

“இது இன்னாத்துக்கு?”

ஷஃபி மூடியை வாங்கக் கை நீட்டினான். அவள் தரவில்லை.

“ஸ்பிரிங்கு வீக்குன்னியே. ஸ்பிரிங்கை மாத்தாம ஓட்டை எதுக்குப் போட்ட?” குரல் உயரவில்லை. “கூட அடிச்சா வெளிய வர்றதுக்கா?”

“அக்கா, ஓட்டை போடாதது என் தப்பு. நான் மொதல்லயே போட்டிருந்தா...”

“பத்து பத்தா அடிச்சது யாரு?”

அவள் அந்த மூடியை இருந்த இடத்திலேயே, வரிசை கலையாமல் வைத்தாள்.

“அவரு சிரிப்பாரு தம்பி. ‘ஏண்டி, சக்கரத்துக்குத் தினம் பூசை போடுற, எனக்கு ஒரு டீ போட மாட்டேங்கற’ன்னுவாரு. கடைசி நாளும் சொன்னாரு. ‘இருங்க, இன்னும் ஒரு சக்கரம் கீது’ன்னேன். டீ குடிக்காமத்தான் போனாரு.”

திரும்பி நடந்தாள்.

“எங்கக்கா போறீங்க?”

“ஸ்டேஷனுக்கு.”

“வேணாம்க்கா! அது முடிஞ்சுபோச்சு. அவங்க எழுதிட்டாங்க. நான் ஒத்துக்கிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆவாது...”

“ஊரே உன்னைத் துப்புதுடா. நானும்தான் துப்பினேன்.”

பஸ் வந்தது. கை காட்டினாள். ஷஃபி ரோட்டைக் கடக்க ஓடினான். குறுக்கே உப்பு லாரி ஒன்று வந்தது. அது போய் முடிவதற்குள் பஸ் போய்விட்டது. கையில் பிடித்த ஸ்பேனரோடு நடு ரோட்டில் நின்றான். இரண்டு வாரமாக எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தானோ அது ஒரு பஸ் டிக்கெட்டில் போய்க்கொண்டிருந்தது.

---

ஆறு மணிக்கு போன் அடித்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் விஜயகுமார்.

“ஷஃபியா? ஸ்டேஷன்லேருந்து கூப்பிட்டாங்க, வந்தேன். அந்தம்மா எல்லாத்தையும் சொல்லிடுச்சு. மத்த மூணு சக்கரத்தையும் கழட்டிப் பாத்துட்டேன். மூணுலயும் சீல் பிதுங்கிக் கெடக்குது. நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல, யோசிச்சுச் சொல்லுன்னு? புது ரிப்போர்ட் குடுத்துட்டேன். மூடி மேல தப்பில்ல. உன் பேரை எடுத்துடுவாங்க.”

ஆஸிஃபா பக்கத்தில் வந்து போனில் காது வைத்தாள்.

“சார், அக்கா எங்க?”

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“இங்கதான். பெஞ்சுல உக்காந்திருக்குது. ‘உன் மேல கேஸ் எதுவும் இல்லம்மா, தெரியாம நடந்தது’ன்னு அதுகிட்ட எஸ்.ஐ. எவ்வளவோ சொல்லிட்டாரு. வீட்டுக்குப் போன்னா போக மாட்டேங்குது. உள்ள வெக்கச் சொல்லுது. நீ கொஞ்சம் வர்றியா?”

“வர்றேன் சார். அழுவுதா?”

“அழல. அதான் பயமா இருக்குது. வெரலை மடக்கி மடக்கி என்னமோ எண்ணிகினே இருக்குதுய்யா. பத்து வரைக்கும் வருது. அப்பறம் மறுபடியும் ஒண்ணுலேருந்து ஆரம்பிக்குது.”